கடல் கடந்தவர்களின் நாளிதழும் குடியுரிமைப் படிவமும்

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. மேலூர்ப் பக்கத்திலிருந்து கோலாலம்பூர் போன உங்கள் பெரியப்பா கடைசிவரை 'தமிழ் நேசன்' ஒன்றையே படித்தார். மலாய்ப் பத்திரிகை படித்திருந்தால் அப்பா இன்னும் சீக்கிரம் அந்த நாட்டுக்காரராகியிருப்பார் என்று அவருடைய பிள்ளைகள் இப்போது சொல்கிறார்கள். அந்தத் தமிழ்ப் பத்திரிகை இல்லாவிட்டால் அவர் மலேசியராகவே ஆகியிருக்க மாட்டார் என்று நீங்கள் வாதிட்டிருக்கிறீர்கள். சிறுபான்மையோரும் குடியேறியோரும் தங்கள் மொழியில் நடத்துகிற செய்தித்தாள்கள் அவர்களை வாழும் நாட்டோடு சேர்க்கின்றனவா, விலக்கி வைக்கின்றனவா என்று பொதுவாகவும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இத்தகைய இதழ்கள் தலையங்கத்தில் எந்த நாட்டைப் போற்றின என்பதை வைத்து அவற்றை எடைபோடுவது வழக்கம். அதைவிட முக்கியமானது, குறையுள்ள வாசகரை அவை எந்த அரசின் வாசலுக்கு அனுப்பின என்பது. கூலி குறைந்தால் யாரிடம் மனுக் கொடுப்பது, பிள்ளையின் பிறப்பை எங்கே பதிவது, எந்தத் தேதிக்குள் எந்தப் படிவத்தை நிரப்புவது ஆகியவற்றை நாள்தோறும் படித்துப் பழகிய ஒருவர், வந்த இடத்தின் அரசைத் தம்முடைய அரசாகக் கருதத் தொடங்குகிறார். அந்த வேலையைத் தாய்மொழி இதழ் செய்தது போல வேறெதுவும் செய்யவில்லை. ஆனால் மனுவை வாங்குவதும் திருப்பியனுப்புவதும் சட்டத்தின் கையில் இருந்தன. சட்டம் கதவை மூடிய இடங்களில், பத்திரிகை எவ்வளவு திறமையாக நடந்திருந்தாலும் பயனில்லாமல் போயிற்று. இலங்கையையும் சிங்கப்பூரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அதனால் அவ்விரண்டைப் பற்றி விரிவாகவும் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

முதலில், தாய்மொழி இதழ்கள் மக்களை விலக்கி வைக்கின்றன என்ற சந்தேகத்தின் வயதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், 1917 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ பிறமொழி இதழ் எதை அச்சிட்டாலும், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை உள்ளூர் அஞ்சல் தலைவரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது அது. ஜெர்மன் இதழ்கள் பல அந்தச் சுமையிலும் அக்காலத்து வெறுப்பிலும் நின்றுபோயின. இத்தனைக்கும் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய செய்தியை முதன்முதலில் அச்சிட்டது பிலடெல்பியாவின் ஜெர்மன் மொழி இதழொன்றுதான். அது 1776 ஜூலை 5ஆம் நாள் வெளியாயிற்று. போருக்குப் பின் இந்த இதழ்களை ஆராய்ந்த சிகாகோ சமூகவியலாளர் ராபர்ட் பார்க், குடியேறியவரைப் புது நாட்டுக்குப் பழக்குவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 1922இல் எழுதினார். நியூயார்க்கில் 1897இல் தொடங்கிய 'ஃபார்வர்ட்ஸ்' என்னும் இத்திஷ் மொழி நாளிதழ் இதற்கு நல்ல உதாரணம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தொழிலாளர்களுக்கான அந்த இதழில் ஆசிரியர் ஆபிரகாம் கஹான் 1906இல் வாசகர் கடிதப் பகுதி ஒன்றைத் தொடங்கினார்; வீட்டுச் சண்டையிலிருந்து தொழிற்சங்கம் வரை எல்லாவற்றுக்கும் அதில் பதில் உண்டு. பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளைப் படம் போட்டு விளக்கியிருக்கிறது. மனைவியைக் கைவிட்டு ஓடிய கணவர்களின் புகைப்படங்களை வரிசையாக வெளியிட்டிருக்கிறது. நாட்டுப்பற்றைப் பற்றிய கட்டுரைகளைவிட இந்தப் பக்கங்கள்தான் மக்களை நியூயார்க்வாசிகளாக்கின என்பது என் கணிப்பு.

இனி இலங்கைக்கு வருவோம். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து கண்டிச்சீமைக்குப் போனவர்களின் நிலை எல்லோரும் ஓரளவு அறிந்ததே. ஆள் சேர்த்து அழைத்துவந்து மேற்பார்த்த கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்க்கப் புதுத் தோட்டம் முன்வந்தால்தான் ஆள் நகர முடியும். தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. இத்தகைய இடத்துக்குள் பத்திரிகை எப்படிப் போயிருக்கும்? தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து கொழும்புக்குச் சென்ற கோ. நடேசய்யர் செய்தது சுவையான காரியம்: துணி வியாபாரி போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்று, லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகளில் மக்கள் வாழ்ந்த விதத்தைத் தம் கண்ணால் பார்த்து வந்து எழுதினார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என அவர் நடத்திய ஏடுகள் துரைமாருக்கும் கங்காணிகளுக்கும் பெரும் தொல்லையாயின. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது; ஆனால் கடன் ஒழியவில்லை, கங்காணியும் ஒழியவில்லை. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார்; 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தேர்வானார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை, தொழிலாளர் நிலையைப் பாடல்களாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாதவர் மிகுந்த லயங்களில், ஒருவர் படிக்கப் பலர் கேட்டதும், கேட்டது பாட்டாகத் திரும்பியதும் சேர்ந்துதான் பத்திரிகையின் வீச்சு. விற்பனைப் பிரதிகளை மட்டும் எண்ணினால் இதில் பாதி கணக்கில் வராது.

நடேசய்யரின் தொடக்ககால எழுத்திலேயே ஒரு திருப்பம் தெரிகிறது. கொழும்பில் சிங்களத் தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து உழைத்தவர் அவர். 1920களின் இறுதியில் குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தொடங்கியதும் அந்த உறவு முறிந்தது. அதன் பின் 'இந்தியர்' என்ற அடையாளத்தில் திரள வேண்டிய கட்டாயம் வந்தது. அதே வேளையில் கோரிக்கைகள் அனைத்தும் இலங்கை அரசை நோக்கியே இருந்தன. இந்தியராகத் திரண்டு இலங்கையிடம் உரிமை கேட்ட அந்த இரட்டைப் போக்கை முரண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி ஒருவரைத் தள்ளுகிறார்களோ அந்தப் பெயரிலேயே அவர் எழுந்து நிற்பது எங்கும் நடப்பதுதான்.

'வீரகேசரி' இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. அதை 1930 ஆகஸ்ட் 6ஆம் நாள் கொழும்பில் தொடங்கியவர் பி.பி.ஆர். சுப்பிரமணியம் செட்டியார். இன்றைய சிவகங்கை மாவட்டத்து ஆவணிப்பட்டியைச் சேர்ந்தவர், அதாவது உங்கள் மேலூரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் எட்டிவிடக்கூடிய ஊர்க்காரர். தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் அங்கே ஆசிரியர்களாகப் போனார்கள், வ. ராமசாமியும் சில காலம் அதன் ஆசிரியராக இருந்தார். வணிகர் முதல் போட்டது, தோட்டத் தொழிலாளியின் பிள்ளை வாசகரானது, பிழைப்புக்குப் போன படித்தவர் எழுதியது ஆகிய மூன்றும் ஒரே தாளில் கூடின. தொடக்கத்தில் அதன் முகம் இந்தியாவை நோக்கியே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. காங்கிரஸ் இயக்கச் செய்திகளுக்கு அதில் தாராளமாக இடமிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மலையகத்துச் செய்தியும் கொழும்புச் சட்டமன்றச் செய்தியும் அந்த இடத்தைப் பிடித்தன. சுப்பிரமணியம் செட்டியார் இலங்கைக்கு ஒரு தேசிய நாளிதழ் செய்து தருவோம் என்று எண்ணிக் கப்பலேறியிருப்பாரா என்பது ஐயமே. ஆயினும் வீரகேசரி இன்று இலங்கையின் தமிழ் நாளிதழ், அங்குள்ள யாரும் அதை இந்தியப் பத்திரிகை என்று சொல்வதில்லை.

பத்திரிகைக்குக் கிடைத்த அந்த ஏற்பு அதன் வாசகர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை. 1947 தேர்தலில், தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவச் சொன்னது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மக்கள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்கும் போயிற்று. 1949இல் இந்திய பாகிஸ்தானியருக்கான தனிச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வழிவிட்டபோது, முதலில் புறக்கணிப்புப் பேச்சு இருந்தாலும், பின்னர் தமிழ் இதழ்களும் சங்கங்களும் படிவம் நிரப்பச் சொல்லி மக்களைத் தூண்டின; விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சமிருந்த 1,50,000 பேரின் கணக்கு பின்னர் 1974இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்து இறங்கியவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது; அவர்கள் குடியமர்ந்த கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் ஊரார் 'சிலோன்காரர்' என்றார்கள். முப்பது ஆண்டுகள் இலங்கை அரசிடம் முறையிடக் கற்றுத்தந்த பத்திரிகைகள் இருந்தும் இதுதான் முடிவு. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் அங்கே 2003இல்தான் வந்தது.

சிங்கப்பூரில் இதற்கு நேரெதிர். அங்கே தமிழ் இதழ்களின் வரலாறு நீளமானது; 1887இல் சி.கு. மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழை விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கினார் என்பதே அக்கால வாசகர் எந்த அரசை நோக்கி நின்றார் என்பதைச் சொல்லிவிடும். அதற்கும் முன், 1876இல், சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் 'ஜாவி பெரானக்கான்' என்ற வார இதழைத் தொடங்கினர். மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் என்று அறியப்படுவது அதுதான். குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்றைய மலேசியப் பெரும்பான்மையோரின் மொழிக்கு முதல் செய்தித்தாளைக் கொடுத்த இந்தச் செய்தியை உங்கள் பெரியப்பா பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆயினும் குடியுரிமையோடு நேரடியாகத் தொடர்புடைய பெயர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்து, இருபது வயதையொட்டிச் சிங்கப்பூர் சென்று, 1935 ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகத் தொடங்கியதால் சாதி ஒழிப்பும் மதுவிலக்கும் மூடப்பழக்க எதிர்ப்பும் அதன் முதல் சரக்கு. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்து போனதன் தாக்கம் அதில் உண்டு. 1950களில் இதழின் அழுத்தம் மாறிற்று. இந்தியா விடுதலை பெற்றுவிட்டது. இங்கே நமக்கு என்ன வழி என்ற கேள்வி துறைமுகத் தொழிலாளி முதல் கடைக்காரர் வரை எல்லோருக்கும் வந்துவிட்டது. திரும்பிப் போகும் கனவை விட்டு, இருக்கும் இடத்தில் குடிமகனாகப் பதிவு செய்யுங்கள் என்று சாரங்கபாணி விடாமல் எழுதினார். அதே மூச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். 1952இல் சமய வேறுபாடின்றிக் கூடும் 'தமிழர் திருநாள்' விழாவைத் தொடங்கினார். மாணவர் எழுதுவதற்கென்றே இதழில் இடம் ஒதுக்கினார். பதிவு செய்துகொள் என்பதும் தமிழைக் காப்பாற்று என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான அறிவுரைகள் என்று நம்மில் பலருக்குத் தோன்றும். அவர் அவற்றை ஒரே அறிவுரையின் இரண்டு வரிகளாக நடத்தினார்: குடிமகனாக இருந்தால்தான் உன் மொழிக்கு அரசிடம் இடம் கேட்க முடியும்.

அங்கே சட்டமும் ஒத்துழைத்தது. 1957இல் வந்த குடியுரிமைச் சட்டம், வெளியே பிறந்திருந்தாலும் குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பதிவு செய்யும் வழியைத் திறந்தது. தனிநாடான பின் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றது. பல இன நாடு என்று தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை புது அரசுக்கு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாரங்கபாணியின் எழுத்து ஒன்றால் மட்டும் இது நடந்துவிடவில்லை. அவரையே கொழும்பில் உட்காரவைத்திருந்தால், நடேசய்யரின் வாசகர்களுக்கு நேர்ந்ததுதான் அவருடைய வாசகர்களுக்கும் நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மலேசியா இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 'தமிழ் நேசன்' 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்காரால் தொடங்கப்பட்டது. 1957 விடுதலைக்குப் பின் நகரத்துத் தமிழர் பலர் பதிவு செய்துகொண்டார்கள். ரப்பர் தோட்டங்களுக்குள் அந்தச் செய்தியும் படிவமும் அதே அளவில் போய்ச் சேரவில்லை. 1969 மே கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி வந்தபோது, தாள் இல்லாத பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேற நேர்ந்தது. ஆகவே உங்கள் பெரியப்பாவைப் பற்றிய வாதத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவர் எந்த மொழியில் படித்தார் என்பதைவிட அவர் நகரத்தில் இருந்தாரா, தோட்டத்தில் இருந்தாரா என்பதே.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். 1903 ஜூனில் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது; அடுத்த ஆண்டு காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு மாறியது. தமிழ், இந்திப் பகுதிகளை ஒழுங்காகக் கவனிக்க ஆள் போதாமல் 1906இல் அவற்றை நிறுத்த வேண்டியதாயிற்று. இடையில் 1908இல் பி.எஸ். அய்யர் ஆங்கிலமும் தமிழுமாக 'ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்' நடத்தினார். காந்தியையே கடுமையாக விமரிசிக்கத் தயங்காத இதழ் அது. ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழரும் தெலுங்கரும், வணிகராகப் போன குஜராத்தியரும், தாயகத்தில் ஒருவரையொருவர் 'நம்மவர்' என்று நினைக்க வாய்ப்பில்லாதவர்கள். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் கட்ட வேண்டிய மூன்று பவுன் வரியும் இந்தியருக்கான அனுமதிச் சீட்டுச் சட்டமும் ஒரே இதழில் விளக்கப்பட்டபோது, அவர்கள் கடலுக்கு அப்பால் இந்தியரானார்கள். இந்தியா என்னும் நாட்டுணர்வின் ஒரு பகுதி, குடியேறியோர் இதழ்களில் வெளிநாட்டில் உருவாகி இங்கே இறக்குமதியாயிற்று என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

உள்நாட்டில் இது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் காலையில் கடைக்குக் கடை தொங்கும் 'தினமலர்' மொழிச் சிறுபான்மையோரின் இதழாகப் பிறந்தது என்றால் பலர் வியப்பார்கள். டி.வி. இராமசுப்பையர் அதை 1951 செப்டம்பர் 6ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கினார். திருவிதாங்கூர்-கொச்சியில் அடங்கியிருந்த தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கும் போராட்டம் நடந்த காலம் அது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூடுகளும் நடந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மறு ஆண்டே இதழ் திருநெல்வேலிக்கு மாறியது; பின்னர் மதுரைப் பதிப்பும் வந்தது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்திலேயே தங்கிவிட்டதால், தேனிப் பக்கத்திலிருந்து மலையேறிய தேயிலைத் தோட்டத் தமிழர் அங்கே இன்னும் மொழிச் சிறுபான்மையோர்தான். ஒரே கோரிக்கை, ஒரே காலம். வென்ற பகுதியின் இதழ் பெரும்பான்மையோரின் இதழாகிவிட்டது. எல்லைக் கோடு சற்றே நகர்ந்தால் சிறுபான்மைப் பத்திரிகை என்ற பெயரே மாறிவிடுகிறது.

மொழியாலும் நாட்டாலும் ஒன்றாயிருந்தும் விலக்கப்பட்டவர்களின் இதழ்களை இந்த வரிசையில் சேர்ப்பார்களா என்று தெரியாது, நான் சேர்ப்பேன். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' இதழும், அயோத்திதாசர் 1907 ஜூன் 19ஆம் நாள் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழும் அவ்வகை. பின்னர் 'தமிழன்' என்று மட்டும் வந்த அந்த இதழுக்குக் கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் வாசகர்கள் இருந்தார்கள். சுதேசி இயக்கம் உச்சத்தில் இருந்தபோது, குளத்திலும் கிணற்றிலும் சமமாக நிற்க விடாதவர்கள் கேட்கும் சுயராச்சியத்தில் தம் மக்களுக்கு என்ன பங்கு என்று அவர் வாரந்தோறும் கேட்டார். அக்காலத்துத் தேசியவாதிகளுக்கு அது துரோகமாகத் தெரிந்தது. நாட்டின் உறுப்பினர் யார் என்ற வரையறையையே திருத்தச் சொல்லும் இத்தகைய இதழ்கள் இல்லாதிருந்தால், பின்னாளில் அரசமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்த விதம் இத்தனை தெளிவாக இருந்திருக்குமா என்பது ஐயம்.

நேர்மையாகச் சொல்லவேண்டிய மறுபக்கமும் உண்டு. மதுரையிலேயே சௌராஷ்ட்ர மொழி பேசுவோர் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் அம்மொழியினர் நாட்டில் இரண்டு இலட்சத்துக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொ.மு. இராமராய் அம்மொழிக்கு எழுத்தை ஒழுங்குபடுத்தி நூல்கள் அச்சிட்டார். இங்கிருந்து சிற்றிதழ்களும் வந்திருக்கின்றன. ஆனால் அவர்களுக்கென்று பெரிய நாளிதழ் எதுவும் நிலைக்கவில்லை. 'மதுரை காந்தி' எனப்பட்ட என்.எம்.ஆர். சுப்பராமன் அந்தச் சமூகத்திலிருந்து வந்து இந்த ஊரின் தேசிய இயக்கத்துக்கே முன்நின்றார். அவர்கள் தமிழ் நாளிதழ் படித்தார்கள், பள்ளிகளையும் தங்கள் சமூகச் சபையையும் நடத்தினார்கள், ஊரின் நெசவிலும் வணிகத்திலும் கலந்திருந்தார்கள். எனவே சொந்த மொழி நாளிதழ் இருந்தால்தான் ஒரு சிறுபான்மை நாட்டோடு ஒட்டும் என்று சொல்வது மிகை. குடியுரிமையே கேள்விக்குள்ளாகாத இடத்தில், அந்த வேலையைச் சபையும் பள்ளியும் சந்தையும் செய்துவிடும். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927 முதல் வரும் 'முசல்மான்' உருது நாளிதழ் வேறு வகை. அதன் பக்கங்களைக் காத்திபுகள் எனப்படும் எழுத்துக் கலைஞர்கள் நாணற் பேனாவால் கையால் எழுதுவது மரபு. எழுதிய தாளைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிடுவார்கள். ஒரு எழுத்து பிசகினால் ஒட்டித் திருத்த வேண்டும், முக்கியச் செய்தி தாமதமாக வந்தால் பக்கத்தையே மாற்றி எழுத வேண்டும். நான்கே பக்கங்களில் உலகச் செய்தியும் ஊர்ச் செய்தியும் திருமண விளம்பரமும் அடங்கிவிடும். இலக்கியப் பெருமைக்காக அதைப் பாராட்டுபவர்கள், அது உள்ளூர் உருது வாசகருக்குச் சென்னை மாநகராட்சிச் செய்தியையும் சொன்னது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதழ்களின் உரிமையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல் கடந்த தமிழ்ப் பத்திரிகைகளில் பல வணிகர் முதலீட்டில் நடந்தவை. வட்டிக்கடையையும் தோட்டப் பங்கையும் விமரிசிக்கும் இடத்தில் அவற்றின் பேனா தயங்கியது. இரங்கூனில் நகரத்தார் நடத்திய 'தனவணிகன்' போன்ற இதழ்களில் பர்மியக் குடியானவர் கடனில் நிலம் இழந்த கதையைத் தேடுவது வீண். உங்கள் பெரியப்பா படித்த தமிழ் நேசனும் பிற்காலத்தில் ஆளுங்கூட்டணிக் கட்சியான ம.இ.கா.வின் (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவரின் குடும்பத்தின் கைக்கு வந்தது. கட்சிக்குள் மூண்ட சண்டை அந்நாட்டுத் தமிழ் நாளிதழ்களின் சண்டையாகவும் மாறியது. நாட்டுக்காரராக்கிய இதழே, எந்தத் தலைவரின் வழியாக மட்டும் நாட்டிடம் பேசலாம் என்றும் வரையறுத்துவிட்டது. 2019 ஜனவரி இறுதியோடு அது நின்றபோது, நிதி இழப்பையே காரணமாகச் சொன்னார்கள்.

தமிழ் முரசு இன்றும் வருகிறது. 1990களில் சிங்கப்பூரின் பெரிய பத்திரிகை நிறுவனத்தின் கைக்குப் போன அது, இப்போது அந்நிறுவனத்தின் ஊடகப் பிரிவிலிருந்து பிரிந்த அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை அந்த அறக்கட்டளைக்கு அரசு நிதி தரும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அரசிடம் இடம் கேட்ட இதழை அரசே தாங்குவது சாரங்கபாணியின் வெற்றி என்றும் சொல்லலாம், அவருடைய கூர்மை மழுங்கிவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டிலும் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் அதன் வாசகர்கள் இப்போது இரண்டு வகை. ஒருவர் அங்கேயே பிறந்த குடிமகன். மற்றவர் புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ, நம் மேலூர், திருமங்கலத்திலிருந்தோ வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர். அவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்தச் சீட்டை வைத்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. சம்பளம் நிலுவையானால் மனிதவள அமைச்சிடம் புகார் செய்ய அவர் நன்றாகவே கற்றிருக்கிறார். அந்தப் பாடத்தை இன்று அவருக்குப் பெரும்பாலும் கைபேசிக் குழுக்களே சொல்லித்தருகின்றன. முறையிடும் பழக்கம் குடியுரிமைக்கு இட்டுச்சென்ற பழைய பாதை அவருக்குச் சட்டத்திலேயே இல்லை.